பெரிய படிப்பு இல்லை, கூலி வேலைதான். படித்தவர்கள் உட்கார்ந்திருக்கும் ஜெபக்கூட்டத்தில் நான் சாட்சி (இயேசு என் வாழ்க்கையில் செய்ததை) சொல்லலாமா? எப்படிச் சொல்வது?

தாராளமாகச் சொல்லுங்கள். சாட்சிக்குத் தேவை கண்ணால் கண்டது, படிப்பு அல்ல. வேதாகமத்தில் யோவான் 9-ல், இயேசு பார்வை கொடுத்த பிறவிக் குருடனைப் படித்த பரிசேயர்கள் (யூத மதத் தலைவர்கள்) மடக்கிப் பார்க்கிறார்கள். அவன் உடனே வாதாடவில்லை. "நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன்" என்கிறான். அதற்கு அவர்களிடம் பதில் இல்லை. இயேசுவின் சீடர்களான பேதுருவையும் யோவானையும்கூட ஆலோசனைச் சங்கம் (யூதர்களின் உயர்மன்றம்) படிப்பறியாதவர்கள் என்றுதான் கண்டது (அப். 4:13).

எப்படி அடுக்குவது என்பதற்கு அப்போஸ்தலர் 26 போதும். கமாலியேல் என்ற பெரிய யூத வேத ஆசிரியரிடம் படித்த அப்போஸ்தலன் பவுலே அகிரிப்பா ராஜா முன் எளிமையாகத்தான் பேசுகிறார்: முன்பு எப்படி இருந்தேன் (4–11), இயேசு எப்படிச் சந்தித்தார் (12–18), அதன்பின் என்ன செய்தேன் (19–23). நீங்களும் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் வையுங்கள். எழுத வராவிட்டால் மூன்று விரல்களை எண்ணி ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். வீட்டில் ஒருமுறை போனில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள், எங்கே நீள்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

பெரும்பாலும் முதல் பகுதிதான் நீளும். பழைய குடியையும் சண்டையையும் பத்து நிமிடம் விவரித்தால் கேட்பவர் மனதில் அதுதான் நிற்கும், இயேசு நிற்கமாட்டார். கணவர், மாமியார் குறைகளைச் சபையில் போட்டு உடைக்கவே வேண்டாம். அவர்கள் அனுமதி இல்லாமல் அது சாட்சி ஆகாது, புறணிதான். சுகமானதைச் சொல்லும்போது மருந்தும் சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். கூட்டிச் சொன்ன ஒரு வார்த்தை வெளியே தெரிந்தால் மீதி உண்மையையும் யாரும் நம்பமாட்டார்கள்.

பிரசங்கியார் நடையும் வேண்டாம். "இரட்சிக்கப்பட்டேன்" என்றால் சபைக்குப் புரியும், பக்கத்து வீட்டு அக்காவுக்குப் புரியாது. "கடன்காரன் வந்து நின்றாலும் இப்போது ராத்திரி தூங்குகிறேன்" என்றால் இருவருக்கும் புரியும், அது உங்களுக்கு உண்மையாக நடந்திருந்தால்.

யாராவது வேதத்தில் கடினமான கேள்வி கேட்டால் "தெரியாது, போதகரிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்பது நல்ல பதில். அடுத்தவர் சாமியைத் தாழ்த்திப் பேசாதீர்கள். 1 பேதுரு 3:15 கேட்பது சாந்தமும் வணக்கமும்.

கூட்டத்தில் பேசப் பயமாக இருந்தால் வீட்டில் தொடங்குங்கள். பிசாசு நீங்கின மனிதன் இயேசுவோடேயே இருக்கக் கேட்டபோது, அவனை அவர் அவனுடைய வீட்டாரிடம்தான் அனுப்பினார் (மாற்கு 5:19).