அல்ஜிப்ரா: வீட்டில் வரும் கணக்கு தேர்வில் ஏன் வரவில்லை?

கேள்வி: என் மகள் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். தினமும் இரண்டு மணி நேரம் கணக்குப் போடுகிறாள். வீட்டில் பயிற்சிக் கணக்கெல்லாம் சரியாக வருகிறது. டெஸ்ட் வைத்தால் இயற்கணிதத்தில்தான் மதிப்பெண் போகிறது. இன்னொரு கைடு வாங்கலாமா, டியூஷனை மாற்றலாமா? எனக்குக் கணக்கு அவ்வளவாகத் தெரியாது. நான் எப்படி உதவுவது?

பதில்: கைடும் வேண்டாம், டியூஷனையும் மாற்ற வேண்டாம். இரண்டு மணி நேரம் என்பது தாராளமான உழைப்பு. கணக்குகளை எந்த வரிசையில் போடுகிறாள் என்பதை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

அவளுடைய பாடநூலில் இருபடிச் சமன்பாட்டை, அதாவது x² வரும் சமன்பாட்டை, தீர்க்க மூன்று வழிகள் உண்டு: காரணிப்படுத்துதல், வர்க்கப் பூர்த்தி, சூத்திரம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கணக்குகள். எந்த வழியில் போட வேண்டும் என்று கேள்வியே சொல்லிவிடும். முதல் கணக்கில் கொஞ்சம் தடுமாறுவாள், மூன்றாவதிலிருந்து கை தானாக ஓடும். அடுத்து எந்த வழி என்று யோசிக்கவே வேண்டியதில்லை. தேர்வில் பல பாடக் கேள்விகள் கலந்து வரும்போது, அந்த யோசனையை அவள் முதல் தடவையாகச் செய்கிறாள்.

அமெரிக்காவில் டக் ரோரர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்து 2020-ல் வெளியிட்டார்கள். ஏழாம் வகுப்பில் 54 வகுப்பறைகள். ஒரு பாதிக்கு ஒரே வகைக் கணக்குகள் தொகுப்பாக, மறுபாதிக்குப் பல வகைகள் கலந்து. ஒரு மாதம் கழித்து, முன்கூட்டிச் சொல்லாமல் தேர்வு வைத்தபோது கலந்து போட்டவர்கள் சராசரியாக 61 சதவீதம் எடுத்தார்கள், தொகுப்பாகப் போட்டவர்கள் 38 சதவீதம்.

வீட்டில் இதைச் செய்வது எளிது. ஒரே மாதிரி தோன்றும் ஐந்து சமன்பாடுகளைத் துண்டுச் சீட்டில் எழுதிக் குலுக்குங்கள்.

x² − 16 = 0
x² − 16x = 0
x² + 6x − 16 = 0
x² + 6x + 4 = 0
x² + 6x + 16 = 0

தீர்க்க வேண்டாம், எந்த வழி, ஏன் என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். முதலாவதில் வர்க்கமூலம் எடுத்தாலே போதும், 4, −4. இரண்டாவதில் x-ஐப் பொதுவாக வெளியே எடுக்க வேண்டும். அவசரத்தில் இருபுறமும் x-ஆல் வகுத்தால் 16 மட்டும் கிடைக்கும், 0 என்ற மூலம் (சமன்பாட்டின் விடை) தொலைந்துபோகும். மூன்றாவது (x + 8)(x − 2) என்று பிரியும். நான்காவது அப்படிப் பிரியாது, சூத்திரமோ வர்க்கப் பூர்த்தியோதான். ஐந்தாவதில் தன்மைகாட்டி (சூத்திரத்தில் வர்க்கமூலத்துக்குள் வரும் b² − 4ac) 36 − 64 = −28, மெய் மூலமே கிடையாது. இந்த ஐந்தையும் தடுமாறாமல் பிரித்துச் சொல்கிற பிள்ளைக்கு மீதி வேலை கைப்பழக்கம்தான்.

கலந்து போட ஆரம்பித்தால் முதல் இரண்டு வாரம் தவறுகள் கூடும், வேகமும் குறையும். பயந்து பழைய முறைக்குத் திரும்பிவிடாதீர்கள். இரண்டு மணி நேரம் ஒரேயடியாக உட்காருவதும் தேவையில்லை. தினமும் நாற்பது நிமிடம் போதும்: அன்றைய பாடத்தில் நான்கு கணக்கு, போன வாரத்தில் இரண்டு, போன மாதத்தில் ஒன்று.

அடுத்தது சரிபார்ப்பது. விடைப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிற பழக்கம் தேர்வில் கைகொடுக்காது. x-க்கு ஒரு எண்ணைப் போட்டுப் பார்ப்பது எங்கேயும் கைகொடுக்கும். உதாரணமாக (2x − 3)² − (x + 1)(x − 4) என்பதைச் சுருக்கி அவள் 3x² − 15x + 5 என்று எழுதியிருந்தால், x = 2 போடட்டும். கேள்வியில் 1 + 6 = 7 வருகிறது, விடையில் 12 − 30 + 5 = −13. எங்கேயோ தவறு. தேடினால் இரண்டாவது பெருக்கலை அடைப்புக்குறி போடாமல் கழித்திருப்பது தெரியும். −3x, −4 இரண்டும் குறி மாறாமல் அப்படியே நிற்கின்றன. சரியான விடை 3x² − 9x + 13, அதில் 2 போட்டால் 7 வரும். சோதிக்க 0, 1 இரண்டும் வேண்டாம். 0 போட்டால் x உள்ள உறுப்புகள் எல்லாம் மறைந்துவிடும், 1 போட்டால் அடுக்கில் செய்த தவறு தெரியாது.

எடுத்துக்காட்டுக் கணக்கைப் படிப்பதும் நல்ல பயிற்சிதான், ஆனால் ஒரு காகிதத்தால் தீர்வை மூடிக்கொண்டு. ஒரு வரி பார்த்து, அடுத்த வரி என்னவாக இருக்கும் என்று எழுதி, பிறகு காகிதத்தை இறக்க வேண்டும்.

வாக்கியக் கணக்கில் தீர்வை விட்டுவிட்டு, சமன்பாடு அமைப்பதை மட்டும் தனியாகப் பழகலாம். ஒரு பேருந்து 120 கி.மீ. போகிறது, வேகம் மணிக்கு 10 கி.மீ. கூடியிருந்தால் ஒரு மணி நேரம் முன்னதாகப் போயிருக்கும், வேகம் என்ன? இங்கே பலரும் 120/(x + 10) − 120/x = 1 என்று தலைகீழாக எழுதுவார்கள். எந்த நேரம் பெரியது என்று முதலில் வாயால் சொல்லச் சொல்லுங்கள். மெதுவாகப் போனால்தான் நேரம் அதிகம், அதனால் 120/x முன்னால் வரும். தீர்த்தால் 30, −40 கிடைக்கும். வேகம் குறை எண்ணாக இருக்காது என்று −40-ஐ விலக்கும் வரியையும் விடாமல் எழுத வேண்டும்.

உங்களுக்குக் கணக்கு தெரியாதது தடையே இல்லை. சீட்டைக் குலுக்கி எடுத்துக் கொடுப்பதும், “இந்த வரி எப்படி வந்தது?” என்று கேட்பதும் நீங்கள் செய்யலாம். விளக்க முடியாமல் அவள் நிற்கிற வரியை ஒரு நோட்டில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். ஒரு மாதத்தில் அந்த நோட்டைப் புரட்டினால், பெரும்பாலும் ஒன்றிரண்டு தவறுகளே திரும்பத் திரும்ப வந்திருக்கும். அது குறை எண் கூட்டல் கழித்தலாகவோ பின்னமாகவோ இருந்தால் வெட்கப்படாமல் ஏழாம், எட்டாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்துப் பத்து நாள் அதை மட்டும் போடட்டும். அப்புறம் பத்தாம் வகுப்புக்கு வரலாம்.