அப்பாவோட கால் எரிச்சல்: மாத்திரைய நிறுத்திடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயசு, 12 வருஷமா சுகர், மெட்ஃபார்மின் போடுறார். ராத்திரியானா பாதம் ரெண்டும் எரியுதுன்னு தூங்குறதே இல்ல. ப்ரீகாபாலின் ஆரம்பிச்சு மூணு வாரம் ஆச்சு, பாதிதான் குறைஞ்சிருக்கு, தலை வேற சுத்துதாம். நிறுத்திடலாமா? சுகரால கெட்ட நரம்பு பழையபடி ஆகுமா?

பதில்: நீங்களா நிறுத்திடாதீங்க. திடீர்னு விட்டா தூக்கம் கெட்டு, வியர்த்து, படபடப்பாகி அவஸ்தைப்படுவார். தலை சுத்துறத டாக்டர்கிட்ட சொல்லுங்க, டோஸ குறைப்பார், இல்லன்னா டுலாக்ஸெடின் மாதிரி வேற மாத்திரைக்கு மாத்துவார். கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியாட்டினின் ரத்த டெஸ்ட்ட சமீபத்துல பாக்கலன்னா அதையும் பாத்துடுங்க, ஏன்னா ப்ரீகாபாலின் கிட்னி வழியாத்தான் வெளிய போகும், கிட்னி கொஞ்சம் வீக்கா இருந்தா சாதாரண டோஸே இப்படி ஆட்டி வைக்கும். மத்தபடி பாதி குறைஞ்சதே நல்ல ரிசல்ட்தாங்க, இந்த மருந்துல எரிச்சல் சுத்தமா போறவங்க கம்மி.

ஆனா இது வலிய அடக்குற மருந்து மட்டும்தான், நரம்ப சரி பண்ணாது. கெட்டுப்போன நரம்ப பழையபடி ஆக்குற மருந்து இன்னும் வரல, மேற்கொண்டு கெடாம பாத்துக்கிறது சுகர் கண்ட்ரோல்தான். அதையும் படிப்படியா கொண்டு வரணும், எச்பிஏ1சி (ரெண்டு மூணு மாச சராசரி சுகர காட்டுற டெஸ்ட்) 11ல இருக்கிறவருக்கு ரெண்டு மூணு மாசத்துல 7க்கு இறக்கினா எரிச்சல் இன்னும் கூடிடறதும் உண்டு.

பலரும் கோட்டை விடுற விஷயம் வைட்டமின் பி12. வருஷக்கணக்கா மெட்ஃபார்மின் போட்டா பி12 குறையலாம், அதுவும் இதே எரிச்சல், மரத்துப்போறதுன்னு வரும், அப்பா சைவம்னா இன்னும் சந்தேகப்படணும். டெஸ்ட்ட சத்து மாத்திரை, ஊசி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே எடுத்துடுங்க, அப்புறம் எடுத்தா ரிப்போர்ட்ல நார்மல்னுதான் காட்டும். குறைவா இருந்தா அத ஈடு கட்டலாம், சீக்கிரம் கண்டுபிடிச்சா பி12 குறைவால வந்த நரம்பு பாதிப்பு மட்டும் தேறவும் வாய்ப்பிருக்கு.

எனக்கு எரிச்சல விட பயம் மரத்துப்போறதுலதான். எரிச்சல் தானா நின்னுடுச்சு, குணமாயிடுச்சுன்னு சந்தோஷமா வருவாங்க, பாத்தா பாதத்துல உணர்ச்சியே இருக்காது. அடுத்த தடவ போறப்ப 10 கிராம் மோனோஃபிலமென்ட் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, மெல்லிசான நைலான் இழைய பாதத்துல அழுத்தி தெரியுதான்னு கேப்பாங்க, அவ்வளவுதான், ரெண்டு நிமிஷ வேலை. எரிச்சலுக்கு வெந்நீர்ல கால வைக்கிறது வேண்டவே வேண்டாம், சூடு தெரியாம வெந்துடும். வீட்டுக்குள்ளயும் எம்சிஆர் செருப்பு (சுகர்காரங்களுக்கான மெத்துனு இருக்கிற ரப்பர் செருப்பு) போடட்டும். தினமும் ராத்திரி நீங்களே அவர் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் டார்ச் அடிச்சுப் பாருங்க, கொப்புளமோ வெடிப்போ கறுப்போ தெரிஞ்சா, வலிக்கலன்னு அவர் சொன்னாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போயிடுங்க.