துளை போடுவது யார்?

கேள்வி: ரத்தக்குழாய், மூச்சுக்குழல், சிறுநீரக நுண்குழல் என்று உடம்பெங்கும் குழாய்கள். கருவில் இவற்றின் நடுவே துளை போடுவது எந்த மரபணு?
- கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: துளைக்கென்று தனியாக ஒரு மரபணு கிடையாதம்மா. தன் எந்த முகம் துளையைப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு செல்லும் முதலில் தீர்மானித்துக்கொள்கிறது. அந்த முகங்கள் ஒன்றையொன்று பார்த்து அமைந்தால் நடுவில் வெளி விழும். தண்டுவடத்துக்கு முன்னோடியான நரம்புக்குழல், தட்டையான செல் அடுக்கு மடிந்து விளிம்புகள் ஒட்டி உருவாவது. ஒரே செல் தன்னைத்தானே குடைந்துகொண்டு குழலாவதும் உண்டு!

எனக்கு நன்றாகப் பழக்கமானது பழ ஈயின் கரு. நீளம் அரை மில்லிமீட்டர்தான். அதன் ஒவ்வொரு பக்கத்திலும் 10 இடங்களில், இடத்துக்குச் சுமார் 80 செல்கள் உள்ளே குழிந்து பையாகின்றன. மூச்சுக்குழலின் தொடக்கம் இதுதான். 'டிரக்கியாலெஸ்' மரபணு வேலை செய்யாவிட்டால் இந்தப் பையே வராது. அதற்கப்புறம் அந்தச் செல்கள் பெருகுவதில்லை. இருக்கிற செல்களே நகர்ந்து, நீண்டு, இடம் மாறி மூச்சுக்குழல் கிளைகள் அத்தனையையும் அமைத்துவிடுகின்றன. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

கிளைக்கு வழி காட்டுவது 'பிராஞ்ச்லெஸ்' என்ற புரதம். சுற்றியுள்ள செல்கள் அதைச் சுரக்கின்றன. குழல் செல்களில் உள்ள 'பிரெத்லெஸ்' ஏற்பி அதை உணர்கிறது. நுனியில் இருக்கும் செல் மெல்லிய இழைகளை நீட்டித் துழாவிக்கொண்டே முன்னேற, மற்றவை பின்தொடர்கின்றன. புரதத்தை வேறோர் இடத்தில் சுரக்கவைத்தால் கிளை அந்தப் பக்கம் திரும்பிவிடும். கண்டபடி கிளைக்காமல் தடுக்க 'ஸ்ப்ரௌட்டி' என்ற இன்னொரு புரதம் இருக்கிறது.

பாலூட்டிகளிலும் வழி காட்டுவது பிராஞ்ச்லெஸ் குடும்பத்துப் புரதம்தான், பெயர் எஃப்ஜிஎஃப்10. அதன் மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிக் குஞ்சுக்கு மூச்சுக்குழல் இருக்கும், நுரையீரல் இருக்காது, பிறந்ததும் இறந்துவிடும்.

குழல் உருவானால் போதாது, அகலமும் அளவோடு நிற்க வேண்டும். மனிதரில் பிகேடி1, பிகேடி2 மரபணுக்களில் ஒன்று பழுதானால் சிறுநீரக நுண்குழல்கள் ஆங்காங்கே நீர்க்கட்டிகளாக வீங்குகின்றன. பெற்றோரில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இருந்தால், சிறுநீரக மருத்துவரைப் பார்த்து ஸ்கேன் தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பலருக்கு முதலில் தலைகாட்டுவது உயர் ரத்த அழுத்தம்தான்.