கழுவிவிட அது திண்ணையா?

கேள்வி: நிறையத் தண்ணீர் குடித்தால் சிறுநீரகம் சுத்தமாகும் என்கிறார்களே, உண்மையா டாக்டர்?

பதில்: கழுவிவிட அது திண்ணையா, ஐயா? இரண்டு சிறுநீரகங்களும் நாளொன்றுக்கு ரத்தத்திலிருந்து சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. சிறுநீராக வெளியேறுவதோ ஒன்றரை லிட்டர்போலத்தான். மற்றதெல்லாம் மறுபடி ரத்தத்துக்கே போகிறது. வடிகட்டுவதைவிட, இப்படித் திருப்பி எடுப்பதுதான் என்னை வியக்கவைக்கும்: குளுக்கோஸ் ஏறக்குறைய முழுவதும், சோடியம் தேவைக்கேற்ப, ஏன், கழிவான யூரியாவில்கூடப் பாதி! உடலில் நீர் குறைந்தால் மூளையிலிருந்து, சிறுநீரில் நீர் வீணாகாமல் தடுக்கும் ஏ.டி.எச். ஹார்மோன் அதிகம் சுரக்கும், சிறுநீர் அடர்மஞ்சளாகும். அதிகம் குடித்தால் நிறம் வெளிறும், அவ்வளவுதான். வெளியேறும் கழிவின் அளவு பெரிதாக அதிகரிக்காது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் மட்டும் தாராளமாகக் குடியுங்கள். சிறுநீரகச் செயலிழப்பு, இதய பலவீனம் உள்ளவர்கள் உங்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டாதீர்கள்.