படத்தைத் திருப்பிப் பார்த்தீர்களா? பழம்பொருள் ஏலம் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கம் நூலகக் கட்டட நிதிக்காக ஏலம் நடத்தவிருக்கிறது. உறுப்பினர்கள் கொடுத்தவற்றில் பழைய தஞ்சாவூர்ப் படம், ஒன்றரை அடி கல் பிள்ளையார், தந்தப்பிடி போட்ட கத்தி, ஆமை ஓட்டுச் சீப்பு, தேக்குப் பெட்டகம், எனாமல் தூக்குகள் எல்லாம் உண்டு. அத்தனையையும் ஏலம் விடலாமா?
– சங்கச் செயலாளர், கிழக்குக் கடற்கரைச் சாலை

பதில்: கத்தியையும் சீப்பையும் இன்றே கொடுத்தவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தந்த வணிகத்துக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இடமே இல்லை. வீட்டில் வைத்துக்கொள்ள உரிமைச் சான்றிதழ் இருந்தாலும் அதை விற்க முடியாது. 'தாத்தா காலத்துப் பொருள்' என்ற விளக்கம் செல்லாது. ஆமை ஓடு என்பது அழுங்காமையின் ஓடு. அதற்கும் இதே கதிதான். கடலோர ஏலம் என்றால் யாராவது பவளப்பாறைத் துண்டையும் கொண்டு வருவார்கள். அதையும் வாங்காதீர்கள்.

அடுத்தது பிள்ளையார். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டம் 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி 100 ஆண்டு கடந்த கலைப்பொருள் எல்லாம் தொல்பொருள். சுவடி, ஆவணங்களுக்கு 75 ஆண்டு. கல், உலோகம், சுடுமண், மரம் ஆகியவற்றாலான சிற்பங்களையும் ஓவியங்களையும் ஓவியமுள்ள சுவடிகளையும் பதிவு அலுவலரிடம் பதிய வேண்டும். கைமாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். தொல்பொருள் வணிகத்துக்கு உரிமம் வேண்டும். ஒரே ஒரு முறைதானே, நிதிக்காகத்தானே என்று வாதாடலாம். ஆனால் அந்த வாதத்தைக் காவல் நிலையத்தில் போய் வைக்கும்படி ஆகிவிடக் கூடாது. 100 ஆண்டுக்கு மேற்பட்டவற்றை உரிமம் உள்ளவர் மூலமாக மட்டும் விடுங்கள்.

பிள்ளையார் எங்கிருந்து வந்தார் என்று கொடுத்தவரிடம் எழுதி வாங்குங்கள். 'குளம் தூர் வாரும்போது கிடைத்தது' என்று பதில் வந்தால் அது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டத்துக்குள் போய்விடும். கலெக்டரிடம் ஒப்படைக்க வேண்டியதுதான். கோயில் சிலையோ என்ற சந்தேகம் சிறிதளவு எழுந்தாலும் மேடை ஏற்றாதீர்கள். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் தமிழகக் கோயில் சிற்பங்களைப் படம் எடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறது. ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோய், ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் வாங்கியிருந்த நடராசர் சிலை 2014இல் நாடு திரும்ப அந்தப் படங்களும் சான்றாக நின்றன.

தேக்குப் பெட்டகம், எனாமல் தூக்குகள் பதிவுப் பட்டியலில் வராதவை. ஆனால் பெட்டகத்தில் யாளி, அன்னம் போன்ற செதுக்கு வேலை இருந்து, வயதும் 100ஐத் தாண்டியிருந்தால் முதலில் தொல்லியல் துறையிடம் காட்டுங்கள். தூக்குகளைத் தாராளமாக விடலாம். உங்கள் ஏலத்தில் போட்டி அதற்குத்தான் இருக்கும்.

கேள்வி: ஏலத்துக்கு முந்தைய நாள் பார்வைக்கு வைக்கிறார்கள். '120 வருடத் தஞ்சாவூர் ஓவியம்' என்கிறது பட்டியல். அரை மணி நேரத்தில் எதை எதைப் பார்ப்பது?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: முதலில் பட்டியலின் சொல்லைப் பாருங்கள். 'தஞ்சாவூர் ஓவியம்' என்பது ஒன்று, 'தஞ்சாவூர் பாணி ஓவியம்' என்பது வேறொன்று. இரண்டாவது, போன மாதம் செய்ததாகவும் இருக்கலாம். பிறகு பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ், சின்ன டார்ச், புற ஊதா டார்ச் மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். படத்தின் முகத்தைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் திருப்பச் சொல்லுங்கள். திருப்ப மறுத்தால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

பழைய படம் பெரும்பாலும் பலாப்பலகை அல்லது தேக்கில் இருக்கும். பலகைமேல் புளியங்கொட்டைப் பசையால் துணி ஒட்டி, சுண்ணாம்புத் தூளும் பசையும் பூசித் தேய்த்து மழமழப்பாக்கி, அதன்மேல் வரைவார்கள். நகையும் தூணும் புடைத்துத் தெரிய 'மக்கு' என்ற கெட்டிப் பசை வைத்து, மேலே தங்கரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தகடு, ஒட்டுவார்கள். இப்போதைய படங்களுக்கு அடியில் பிளைவுட். ஓரத்தில் அடுக்கடுக்காகத் தெரிந்தால் 120 வருடக் கதை அதோடு முடிந்தது.

பலகை என்றால் அடுத்த கேள்வி: அது பலகையாக நடந்துகொண்டிருக்கிறதா? மரம் நாருக்குக் குறுக்காகச் சுருங்கும். ஆகவே பழைய பலகை லேசாக வளைந்திருக்கும், நாரின் போக்கில் வெடித்திருக்கும். பின்பக்க வெடிப்பு எங்கே இருக்கிறதோ அதே கோட்டில் முன்பக்க வண்ணத்திலும் வெடிப்பு ஓட வேண்டும். பின்பக்கம் வெடிப்பே இல்லாமல் முன்பக்கம் மட்டும் சிலந்தி வலைபோல் எங்கும் ஒரே சீராக விரிசல் இருந்தால், சூடு காட்டி வரவழைத்தது. மரத்தின் நிறமும் ஒரே சீராக இருக்கக் கூடாது. காற்றுப்பட்ட இடம் கருத்தும், குறுக்குச் சட்டத்துக்கு அடியில் வெளுத்தும் இருப்பதுதான் இயல்பு. ஆணி எடுத்த ஓட்டைக்குள்கூட அதே காப்பி நிறம் என்றால் சாயம்.

பூச்சி அரித்த ஓட்டைகளைக் காட்டிப் பழமை பேசுவார்கள். ஓட்டைக்குள் மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள். வண்டு நேர்கோட்டில் போகாது. கம்பி தடையில்லாமல் நேராக ஒரு சென்டிமீட்டர் இறங்கி, பக்கத்து ஓட்டையும் அதே அளவில் இருந்தால் துளைபோட்டது டிரில்லர். ஓட்டையிலிருந்து வெளிர்நிற மாவு கொட்டினால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது. படம் உண்மையானதாகவே இருந்தாலும், அதைப் பாலிதீனில் இறுகச் சுற்றாமல் வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். மண்ணெண்ணெய் ஊற்றும் கைவைத்தியம் வேண்டாம். மக்கு பெயர்ந்துவிடும்.

தங்கத்துக்கு வருவோம். உண்மையான ரேக்கு கருக்காது. பித்தளை ரேக்கு உப்புக்காற்றில் சில ஆண்டுகளிலேயே கருத்து, ஓரம் பச்சை பூக்கும். ஆனால் பூஜையறையில் நூறு வருடம் விளக்குப் புகை குடித்த படமும் கருப்பாகத்தான் இருக்கும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள், போலியை வாங்கியும் அசலைத் தள்ளியும். மேலே படிந்தது புகையா, ரேக்கே கருத்திருக்கிறதா என்பதை லென்ஸில் பாருங்கள். புகை மேலே படலமாக நிற்கும், கல் பதித்த இடுக்குகளில் அதிகமாகத் தேங்கியிருக்கும்.

கடைசியாக விளக்கை அணைக்கச் சொல்லிப் புற ஊதா டார்ச்சைக் காட்டுங்கள். அடித்துணியோ பின்னால் ஒட்டிய காகிதமோ நீலவெள்ளையாகப் பளிச்சிட்டால், 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிய வெளுப்பூட்டி அதில் இருக்கிறது. பின்னர் வைத்த ஒட்டு வண்ணம் கரும்புள்ளிகளாகத் தெரியும். சாமியின் முகத்தில் நிறையக் கரும்புள்ளி இருந்தால் கேட்கும் விலையைப் பாதியாக்குங்கள். உடையிலும் திரைச்சீலையிலும் இருந்தால் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

கேள்வி: ரவி வர்மா லட்சுமி படம், கீழே அச்சகத்தின் பெயரோடு ஏலத்துக்கு வருகிறது. அவர் காலத்ததுதானா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: பெயரை வைத்துச் சொல்ல முடியாது. ரவி வர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் பிறகு லோனாவாலா அருகே மளவ்லிக்குப் போய், ஜெர்மானியரான ஷ்லைசரின் கைக்கு மாறியது. ரவி வர்மா 1906இல் மறைந்தார். அச்சகம் அதன்பிறகும் நெடுங்காலம் அதே பெயரில் அச்சிட்டுக்கொண்டே இருந்தது.

லென்ஸ் வைத்துப் பாருங்கள். கல்லில் வரைந்து அச்சிடும் கல் அச்சில் கையால் வைத்த புள்ளிகள் சிறிதும் பெரிதுமாகச் சிதறிக் கிடக்கும், வண்ணமும் பல. பிற்கால ஆஃப்செட் இயந்திர அச்சில் நான்கே வண்ணப் புள்ளிகள், கோலப்புள்ளிபோல் வரிசை பிசகாமல், சின்னச் சின்னப் பூ வடிவில் நிற்கும். சட்டத்துக்குள் அடக்க ஓரத்தை வெட்டியிருந்தால் விலை குறையும். மாறாக, வீட்டுப் பெண்கள் புடவைக்கு ஜரிகையும் ஜம்கியும் வைத்துத் தைத்த படங்களுக்கு இப்போது தனி மவுசு. 'சுத்தம்' செய்கிறேன் என்று அதைப் பிரித்துவிடாதீர்கள்.

கேள்வி: 'சோழமண்டலம், 1960கள்' என்ற குறிப்போடு கையெழுத்தில்லாத பாத்திக் துணிப்படம். வாங்கலாமா?
– வாசகி, திருவான்மியூர்

பதில்: குறிப்பில் நியாயம் இருக்கிறது. கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966இல் ஈஞ்சம்பாக்கம் கடலோரத்தில் அமைந்தது சோழமண்டலம் ஓவியர் கிராமம். பாத்திக்கும் பிற கைவினைப் பொருள்களும் விற்றுக் கிடைத்த பணம்தான் அந்த நிலம் வாங்கக் கைகொடுத்தது. துணியைத் திருப்புங்கள்: பாத்திக் என்ற மெழுகுச் சாய வேலையில் நிறம் இருபக்கமும் ஏறியிருக்கும், மெழுகு நொறுங்கிய மெல்லிய கோடுகளும் இருபக்கமும் ஒத்துப்போகும். பின்பக்கம் வெளிறியிருந்தால் அச்சுத்துணி.

கையெழுத்தில்லாத பாத்திக்குக்குக் கைவினை விலைதான். அந்தக் கிராமத்து ஓவியர்களான பணிக்கர் விலையோ ஜே. சுல்தான் அலி விலையோ கொடுக்காதீர்கள். கையெழுத்து உள்ள படத்தில்தான் கவனம் இன்னும் வேண்டும். 1973இல் மறைந்த சோழமண்டலம் ஓவியர் கே. ராமானுஜம் போன்றவர்களின் படைப்புகள் எண்ணிக்கையில் குறைவு, ஆசையோ அதிகம். கையெழுத்து மை, வண்ணத்தின் விரிசலுக்குள் இறங்கி ஓடியிருந்தால் அது விரிசல் விட்ட பிறகு போட்டது. கண்காட்சிச் சீட்டு, பழைய ரசீது, குடும்பப் புகைப்படத்தில் சுவரில் தெரியும் அதே படம் – இவற்றில் ஒன்றாவது இல்லாமல் பெரிய தொகைக்குக் கை தூக்க வேண்டாம்.

கேள்வி: ஏலத்தில் எடுத்த வெண்கலத் தூண்டாமணி விளக்கில் வெளிர்பச்சைப் பொடி வருகிறது. புளி போட்டுத் தேய்த்தேன், மறுபடி வருகிறது. கடலுக்கு 200 மீட்டரில் வீடு.
– வாசகி, காரைக்கால்

பதில்: புளியை நிறுத்துங்கள். எலுமிச்சை, வினிகர், பாலிஷ் எதுவும் வேண்டாம். கரும்பச்சையாக, வழவழப்பாக, நகத்தால் கீறினால் வராமல் இருப்பது களிம்பு. அது உலோகத்துக்குக் கவசம். துடைத்தாலும் திரும்ப வரும் வெளிர்பச்சைப் பொடி வெண்கல நோய். கடற்காற்றின் குளோரைடு செம்போடு சேர்ந்து, ஈரம் பட்டதும் அமிலமாகி, அந்த அமிலம் புதுச் செம்பைத் தின்று மறுபடி குளோரைடு ஆகிறது. ஈரம் இருக்கும்வரை இந்தச் சுழற்சி நிற்காது.

பொடியை மூங்கில் குச்சியால் மெதுவாக எடுங்கள். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, தினம் நீரை மாற்றி ஒரு வாரம் வையுங்கள். முழுதாக உலர்த்தி, இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு அடையுங்கள். 20 லிட்டர் பெட்டிக்கு 400 கிராம் போதும். உள்ளே ஒரு ஈரப்பத அளவி வைத்து 40 சதவீதத்துக்குக் கீழே நிறுத்த வேண்டும். ஜெல் நிறம் மாறினால் 110 டிகிரி ஓவனில் இரண்டு மூன்று மணி நேரம் உலர்த்தி மறுபடி போடலாம். ஒரு மாதம் கழித்தும் பொடி வந்தால் வீட்டு வைத்தியம் போதாது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்புக் கூடம் 1930 முதல் இதே வேலையைச் செய்துவருகிறது. அங்கே ஆலோசனை கேளுங்கள்.

கேள்வி: 40,000 ரூபாய்க்கு 'மூணு தரம்' ஆனது. பில் 47,080 என்கிறார்கள். ஏமாற்றா?
– வாசகர், கடலூர்

பதில்: இல்லை. விலைக்குமேல் வாங்குபவர் கட்டணம் 15 சதவீதம், 6,000. அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி., 1,080. கட்டண விகிதம் ஏலத்துக்கு ஏலம் மாறும், விதிகளின் சிறிய எழுத்தில் இருக்கும். பொருளுக்குத் தனி வரி உண்டா, ஏற்றுகூலி யார் கொடுப்பது, 'உள்ளது உள்ளபடி' என்ற வரி இருக்கிறதா என்பதையும் அங்கேயே பாருங்கள். உச்சவரம்பைப் பென்சிலால் எழுதும்போது இவை எல்லாம் சேர்த்து எழுதுங்கள். 40,000தான் கையில் என்றால் இந்தக் கணக்கில் 33,500க்கு மேல் வாய் திறக்கக் கூடாது.

கேள்வி: ஏலத்தில் எடுத்த 40 வருடத் தஞ்சாவூர்ப் படத்தைச் சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்கு அனுப்பலாமா?
– வாசகி, வேளாங்கண்ணி

பதில்: அனுப்பலாம். ஆனால் பழையது மாதிரி தெரியும் பொருளைச் சுங்கத்தில் நிறுத்துவார்கள். படத்தின் முன்பக்கம், பின்பக்கப் புகைப்படங்களோடு தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழ் முதலில் வாங்குங்கள். ஏல ரசீதில் '100 வருடப் பழமை' என்று பெருமைக்காக எழுதியிருந்தால் அதைத் திருத்தி வாங்கிய பிறகு விண்ணப்பியுங்கள்.