மார்பைத் திறந்தால் விலங்கின் மூச்சுக்குழாய் அதே மருந்துக்கு ஏன் வேறு அளவில் சுருங்குகிறது?

மெத்தாகோலின் போன்ற மருந்து, மூச்சுக்குழாய்களைச் சுற்றியுள்ள தசையை இறுகச் செய்து காற்று செல்லும் வழியைக் குறுக்குவதையே மருந்தால் விளையும் மூச்சுக்குழாய்ச் சுருக்கம் என்கிறோம். எலி, நாய் போன்ற விலங்குகளில் இதை அளக்கும்போது, மார்பு மூடியிருக்கிறதா திறக்கப்பட்டிருக்கிறதா என்பது முடிவையே மாற்றக்கூடும்.

காரணம், நுரையீரல் எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதில் இருக்கிறது. மூடிய மார்பில் விலாக்கூடு வெளிப்புறமும் நுரையீரல் உட்புறமும் இழுப்பதால், இரண்டுக்கும் இடையே அழுத்தம் குறைந்து, மூச்சை வெளிவிட்ட பின்னும் நுரையீரல் ஓரளவு விரிந்தே இருக்கிறது. அப்போது காற்றறைகளின் சுவர்கள், கூடாரத் துணியை நாற்புறமும் இழுத்துக் கட்டிய கயிறுகளைப் போல, குழாயை வெளிப்புறமாக இழுத்துப் பிடிக்கின்றன. தசை இந்த இழுவையை மீறித்தான் சுருங்க வேண்டும். மார்பைத் திறந்ததும் நுரையீரல் சுருங்கிக் கயிறுகள் தொய்வதால், அதே அளவு மருந்துக்குக் குழாய் கூடுதலாகக் குறுகலாம்.

ஆனால் விலங்குக்குச் செயற்கையாக மூச்சளிக்கும் வென்டிலேட்டர், மூச்சை வெளிவிட்ட முடிவிலும் நுரையீரலுக்குள் சிறிது அழுத்தத்தை நிலைநிறுத்தினால் வேறுபாடு குறையும். சில வேளைகளில் தலைகீழாகவும் ஆகலாம், ஏனெனில் திறந்த மார்பில் அந்த அழுத்தம் விலாக்கூட்டைத் தள்ளுவதில் செலவாகாமல் முழுவதும் நுரையீரலை விரிக்கவே பயன்படுகிறது.

திறந்த மார்பில் சுருக்கம் மிகுந்தால் மருந்தின் வீரியம் கூடிவிட்டதாகப் பலர் எண்ணுவது தவறு: தசையை எதிர்த்து இழுக்கும் விசைதான் அங்கே குறைந்திருக்கிறது.