கழுகுமலைக்கு ஒரே நாளில் போய் வர முடியுமா?

மார்த்தாண்டத்து வாசகர் கேட்டிருக்கிறார்: "ஜனவரி கடைசியில் குடும்பத்தோடு கழுகுமலை போக ஆசை. காலையில் கிளம்பி இரவு திரும்பலாமா? அப்பாவுக்கு 70 வயது, முட்டுவலி உண்டு."

திரும்பிவிடலாம், ஆனால் மலையைச் சரியாகப் பார்த்திருக்க மாட்டீர்கள். நாகர்கோவிலிலிருந்து கோவில்பட்டி சுமார் 140 கி.மீ., அங்கிருந்து சங்கரன்கோவில் சாலையில் இன்னும் 20 கி.மீ. சொச்சம். ஆறு மணிக்குப் புறப்பட்டால் உச்சி வெயிலில்தான் பாறையில் கால் வைப்பீர்கள். அதனால் முந்தின நாள் மாலையே கோவில்பட்டி போய்த் தங்குங்கள். நாகர்கோவிலில் ரயில் ஏறுவது சுகம். நாகர்கோவில் வடசேரி பஸ் நிலையத்தில் பஸ் பிடிப்பதானால் கோவில்பட்டியில் நிற்குமா, நின்றால் ஊருக்குள்ளா பைபாஸிலா என்று கண்டக்டரிடம் கேட்டு ஏறுங்கள். மதுரை வண்டிகளில் சில ஊருக்குள் போவதில்லை.

காலை எட்டுக்குள் மலையில் இருங்கள், பத்தரைக்குள் இறங்கிவிடுங்கள். மார்த்தாண்டம் பக்கத்துச் சமண மலையான சிதறாலின் மலைப்பாதையில் இருக்கும் மர நிழல் இங்கே கிடையாது. மொட்டைப் பாறை, கொதித்தால் லேசில் ஆறாது. கரிசல் காட்டுக் காற்றில் ஈரம் குறைவு. நம்ம ஊரில் வியர்வை சட்டையை நனைத்து எச்சரிக்கும். அங்கே வந்த வேகத்தில் காய்ந்துவிடும், உடம்பில் நீர் குறைவது தெரியாது. தாகம் எடுக்கக் காத்திராமல் கால் மணிக்கு ஒருமுறை நாலு மடக்கு குடியுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டரைக் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் வெட்டுவான் கோயில். 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. பாறையைச் சுற்றிலும் அகழ்ந்து, நடுவில் விட்ட கல்லை மேலிருந்து கீழாகச் செதுக்கியிருக்கிறார்கள். விமானம் முடிந்திருக்கிறது, அடிப்பகுதி முடியவில்லை. பலர் சிகரத்தைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பார்வையைக் கீழே இறக்குங்கள்: இழைத்த கல் எங்கே நின்று முரட்டுக் கல் எங்கே தொடங்குகிறது என்பதில்தான் வேலை நடந்த முறை புரியும். தெற்கு முகத்தில் மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியைத் தவறவிடாதீர்கள்.

அடுத்தது சமணச் சிற்பங்கள். பாறை முகப்பில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், அதாவது சமணர் வணங்கும் குருமார்கள். பலவற்றின் கீழே செய்வித்தவர் பெயர் பழைய தமிழ் எழுத்தான வட்டெழுத்தில் இருக்கும். பாம்புக் குடையோடு பார்சுவநாதர், சிங்கத்தோடு அம்பிகா இயக்கி (இயக்கி என்பது சமணக் காவல் பெண் தெய்வம்). சிதறாலை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட்டு வந்தால் இங்கே பாதி முகங்கள் தெரிந்த முகங்களாக இருக்கும். நம்ம இசக்கியம்மனின் வேரை இந்த இயக்கிகளிடம் தேடுகிறவர்களும் உண்டு. சிற்பத்தின் மேல் கை வைக்காதீர்கள், எழுத்தின் மேல் சுண்ணாம்போ மாவோ தடவிப் படமெடுக்காதீர்கள்.

அப்பாவை மேலே ஏற்ற வேண்டாம். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முட்டு வாங்கும். அடிவாரத்தில் முருகன் கோயிலான கழுகாசலமூர்த்தி கோயில் இருக்கிறது. மலையைக் குடைந்த கருவறை என்பதால் சாமியைச் சுற்ற வேண்டுமானால் மலையையே சுற்ற வேண்டும். மதியம் நடை சாத்துவார்கள்; நீங்கள் இறங்கியதும் முதல் வேலையாகத் தரிசனத்தை முடித்துக்கொள்ளுங்கள்.

தேதி குறிக்குமுன் காலண்டரில் தைப்பூசத்தைப் பாருங்கள். அன்று அமைதியான ஊர் அல்ல, கார் நிறுத்தவும் இடமிருக்காது. பங்குனி உத்திரமும் அப்படியே. நவம்பர் மழையில் போகிறவர்கள் சாலையை விட்டுக் கரிசல் மண்ணில் வண்டியை இறக்க வேண்டாம். சக்கரத்தில் அப்பிக்கொண்டு நகர விடாது.